அப்பவே சொன்னவர்

முக்காலமும் உணர்ந்தவர்கள் உலகத்தில் மிகக் குறைவு என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். என்ன ஒன்று, அவர் வருங்காலத்தைக் கொஞ்சம் தாமதமாக அறிவிப்பார். அது வந்து, நடந்து, முடிந்து, வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பார்: "நான் அப்பவே சொன்னேன்."

இவரைத்தான் இன்றைக்கு உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். அறிமுகமே வேண்டாம், எங்கள் வீட்டிலேயே ஒருவர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார் என்கிறீர்களா? இருப்பார். எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான். நல்ல மனிதர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் வேலை. தீப்பிடித்த பிறகுதான் கடை அவர் மேசைக்கு வரும்; மோதிய பிறகுதான் கார் வரும். வாழ்நாள் முழுவதும் நடந்து முடிந்ததையே பார்த்துப் பழகியவர், அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஒரு நாள் அக்கா வீட்டு வாஷிங்மெஷினின் தண்ணீர்க் குழாய் கழன்றுகொண்டது. தண்ணீர் குளியலறையைத் தாண்டி, அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடத்துக்கு வந்து, சோபாவுக்கு அடியில் போய், அங்கே பல மாதமாகக் காணாமல் போயிருந்த ரிமோட்டையும் ஒரு பென்சிலையும் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்து, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா பக்கெட்டோடு ஓடுகிறாள். அவள் மகள் மெயின் சுவிட்சை அணைக்கிறாள். விருந்தாளியாக வந்த நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். அத்தான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், கூரையைப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு சொன்னார்.

"அந்தக் குழாய் வாய் லூசா இருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்."

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சந்தோஷப்படவில்லை. அற்பர்கள்தான் சந்தோஷப்படுவார்கள். அத்தான் முகத்தில் இருந்தது துயரம். ஊருக்கு நல்லது சொல்லியும் ஊர் கேட்காமல் போன ஒருவருடைய ஆழ்ந்த துயரம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பழமொழி சொல்கிறது. அத்தான் அணை போடமாட்டார். வெள்ளம் வடிந்த பிறகு, அணையை எங்கே போட்டிருக்க வேண்டும் என்று இடம் காட்டுவார். அதுவும் ஒரு சேவைதானே?

இந்தச் சேவை வீட்டோடு நின்றுவிடுவதில்லை. செய்தியில் எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது என்று காட்டுவார்கள். அப்படி ஒரு நாடு இருப்பதே செய்தி வாசிக்கிற பெண் சொல்லித்தான் அத்தானுக்குத் தெரியும். "இது ரொம்ப நாள் தாங்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்." பந்தயத்தில் கடைசி நிமிடத்தில் தோற்றுப்போகிற அணி, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கின பழைய கார், அவர் மேலதிகாரியின் மகனுடைய விவாகரத்து, நேற்று வந்த மழை, நேற்று வராத மழை, எல்லாவற்றையும் அவர் அப்பவே சொல்லியிருக்கிறார். என் கைபேசி ஒரு அப்டேட் போட்டுக்கொண்டு அப்படியே உறைந்துபோனபோது நான் அதை யாரிடமும் காட்டவில்லை. சட்டைப்பையில் வைத்திருந்தேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "அப்டேட் பண்ணாதேன்னு அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

அப்பவே என்றால் எப்பவே? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எப்ப சொன்னீங்க அத்தான்?"

"புதுசா போன் வாங்கினப்ப என்ன சொன்னேன்?"

"பார்த்துப் பண்ணுன்னு சொன்னீங்க."

"அப்புறம் என்ன?"

அவ்வளவுதான் ரகசியம். "பார்த்துப் பண்ணு." அத்தான் நடப்பதற்கு முன்னால் சொல்லுகிற ஒரே வாக்கியம் இதுதான். வேலையில் சேரப் போகிறவனுக்கும், வெந்நீர் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கும், வீடு வாங்குகிறவனுக்கும், சாலையைக் கடக்கிறவனுக்கும் பாரபட்சமில்லாமல் ஒரே வாக்கியம். எந்த விபத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். குடும்பத்தில் வாட்ஸப் குரூப் வந்தபோது, சொன்ன சொல்லெல்லாம் தேதியோடு நிற்குமே, இவருடைய இனமே அழிந்துவிடுமோ என்று நான் உள்ளூரக் கவலைப்பட்டேன். வீண் கவலை. யார் எதைப் போட்டாலும் அத்தான் ஒரு கட்டைவிரலை மட்டும் போடுவார். அந்தக் கட்டைவிரலுக்குப் பிற்பாடு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் வரும்.

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. சிலர் வெறுமனே சொன்னவர்கள் அல்ல. "படிச்சுப் படிச்சுச் சொன்ன"வர்கள். அலுவலகக் கிளை, மீட்டிங்கில் சொன்னதாகச் சொல்லும். அந்த மீட்டிங்கில் அது போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்ததை நாம் பார்த்திருப்போம். எல்லாவற்றிலும் மேலான கிளை ஒன்று இருக்கிறது. அது சொல்லவே சொல்லாது. "எனக்கு மனசுல அப்பவே பட்டுச்சு, எதுக்கு வாயைத் திறக்கணும்னு விட்டுட்டேன்" என்று பெருமூச்சு விடும். என் மனைவி இந்தக் கிளையைச் சேர்ந்தவள் என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு மனதில் படும்.

அக்கா ஒரு தற்காப்பு முறை வைத்திருந்தாள். கண்ணாடி டம்ளர் கைதவறி விழுந்து நொறுங்கிய அந்தக் கணமே, அத்தான் தன் மூக்குக்கண்ணாடியில் கை வைப்பதற்குள், "நீங்க அப்பவே சொன்னீங்க. இப்பக் காலை எடுங்க, பெருக்கணும்" என்று சொல்லிவிடுவாள். அத்தான் திறந்த வாயை மூடிக்கொள்வார். இருந்தாலும் அன்று முழுவதும் அவருக்குப் பசி சரியாக இருக்காது.

ஆனால் அவர்கள் மகளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் வேலை பார்த்தாள். சத்தம் புகாத சின்ன அறையில் வயதானவர்களை உட்கார வைத்து, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிச் சோதித்து, காது மெஷின் பொருத்திவிடுகிற வேலை. ஊருக்கெல்லாம் காது கேட்க வைக்கிற பெண். சின்ன வயதிலிருந்து அவள் காதில் அதிகம் விழுந்தது "அப்பவே சொன்னேன்" என்கிற அந்த ஒரு வாக்கியம்தான். சைக்கிளிலிருந்து விழுந்தபோது, பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டபோது, உயிருக்கு உயிரான சிநேகிதி பேச்சை நிறுத்தியபோது. முழங்காலில் மருந்து போட்டவர் அத்தான்தான். மருந்து போட்டுக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான்.

அவளுக்கு அந்த நிலையான வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கிற தோழியோடு சேர்ந்து, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்ன அறையில் சொந்தமாகக் கடை போட வேண்டும் என்று ஆசை. அறைக்காரர் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். இல்லையென்றால் தையல்காரருக்குக் கொடுத்துவிடுவார். அக்கா சரி சொல்லிவிட்டாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து அப்பாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, டிவியைக் கொஞ்சம் நிறுத்துங்க."

அத்தான் சத்தத்தை மட்டும் நிறுத்தினார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பார்த்துப் பண்ணும்மா."

"அது வேணாம்ப்பா. பண்ணவா, வேணாமா?"

"இந்தக் காலத்துல பாரு..."

"பண்ணவா, வேணாமா? நாளைக்குக் கடை ஓடலைன்னா அம்மா பரவாயில்லைன்னு சொல்லுவாங்க, மாமா பரவாயில்லைன்னு சொல்லுவார். நீங்க மட்டும் அப்பவே சொன்னேன்னு சொல்லுவீங்க. கடை போனாக்கூடத் தாங்கிக்குவேன், அதை என்னால தாங்க முடியாது. அதனால அதை இப்பவே சொல்லிடுங்க. நான் கேட்டுக்கறேன். வேணாம்னா வேணாம்."

சத்தமில்லாத டிவியில் யாரோ எதையோ திறந்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். கூரையைப் பார்த்தார். "ம்" கூட வந்துவிட்டது. அதற்கப்புறம் வரவேண்டியது மட்டும் வரவில்லை. எப்படி வரும்? இன்னும் எதுவும் நடக்கவில்லையே.

எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மூடியிருந்தது. பால்கனிக் கதவைத் திறந்து, மறுபடி மூடினார். என்னைப் பார்த்தார், நான் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தேன். அவள் ஸ்டூலைவிட்டு அசையவில்லை. கடைசியில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலைம்மா."

அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. யார் பேசுகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தாள்.

"ஓடுமா ஓடாதான்னு நிஜமாவே தெரியலை. பயமா இருக்கு."

மகள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும்தான்ப்பா" என்றாள். உடனே, எங்கள் எல்லோருக்கும் முன்னால், அறைக்காரருக்குப் போன் போட்டு, "ரூமை நாங்க எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. லிப்ட் வரை வழியனுப்ப வந்தவளிடம் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்ச அப்பாவை வச்சுக்கிட்டு எதையும் ஆரம்பிக்கவே பயம் மாமா. இப்பப் பரவாயில்லை, ரெண்டு பேருக்கும் தெரியாது" என்றாள்.

கடை திறந்தார்கள். முதலில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அத்தான் அலுவலகம் முடிந்து நேராக அங்கே வந்து, காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொண்டார். வெளியே போகிறவர்கள் பார்த்தால் கடைக்கு ஆள் வந்த மாதிரி இருக்குமாம். யாராவது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் காதை வேறு லேசாகத் தடவிக்கொள்வார். அதற்கப்புறம் ஒரு நாள் பெருமழையில், புதிதாகக் கட்டிய அந்தச் சத்தம் புகாத அறைக்குள் தண்ணீர் புகுந்தது. அக்கா, மகள், தோழி, நான், நான்கு பேரும் ஒரே நேரத்தில் அத்தானைத் திரும்பிப் பார்த்தோம். தூறல் போட்டபோதே அவர் கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை எல்லோருமே கவனித்திருந்தோம். அக்கா பழக்கதோஷத்தில், "நீங்க அப்பவே..." என்று ஆரம்பித்தே விட்டாள்.

"வாளி எங்க இருக்கு?" என்றார் அத்தான்.

ஆஹா, மனிதர் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த இனம் திருந்தாது. கடை மெல்லப் பிடித்துக்கொண்டது. இப்போது போனால் அத்தானுக்கே நாற்காலி கிடைப்பதில்லை, சுவரோரம் நிற்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது, மெஷின் பொருத்த வந்திருந்த ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு கடைதாங்க. ரொம்பத் தயங்கினா. தைரியமா ஆரம்பின்னு நான்தான் அப்பவே சொன்னேன்."

பெரியவருக்கு இன்னும் மெஷின் பொருத்தவில்லை. "என்னது?" என்றார். அத்தான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். பெரியவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். அத்தான் கடை அதிரச் சொன்னார். காது கேளாதவர்கள் நிறைந்த அந்தக் கடையில் அது கேட்காதவர் ஒருவர்கூட இல்லை.

நான் சாட்சி. நேரில் பார்த்தவன். அவர் அப்போது சொன்னது அது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்துவிட்டேன். குட்டி மெஷினுக்குப் பேட்டரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, வேண்டாம் என்கிற மாதிரி எனக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தாள். பிறகு பெரியவரின் காதருகே குனிந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஆமாங்க. அப்பா சொன்னதாலதான் ஆரம்பிச்சேன்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை வெகுநேரம் துடைத்தார், கூரையைப் பார்க்கவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு நீங்கள் உங்கள் மாமனாரையோ, மேலதிகாரியையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் பெண் அப்பாவை விட்டுக்கொடுக்கமாட்டாள், கதை இப்படித்தான் முடியும் என்று பாதியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

யாரிடம் சொன்னீர்கள்?