பாதித் தாலி

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பந்து பிடிக்கப் பாய்கிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு முடிந்தால் மாப்பிள்ளை வீட்டுப் படி தாண்டக்கூடாது. நான் பின்மதிலைத்தான் தாண்டினேன். (படியைத் தொடவே இல்லை!) டச்பே கடற்கரையில் கிரிக்கெட். பறந்து வந்த பந்துக்கு நானும் பறந்தேன். பந்து கடலுக்குப் போனது. நான் வலது கையில் விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் உருண்டையாக இருந்த தோள் அலுமாரி மூலைபோல் சதுரமாக நின்றது. கை உடம்போடு ஒட்ட மறுத்தது. எங்கள் ஊர்க் கடற்கரையில் மாடுபோல மேய்ந்து திரியும் மான்கூட ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது.

"சுளுக்கு மச்சான். ஒரு இழுவையில சரியாகும். ஃபோனில பாத்தனான்" என்றான் ஓட்டோ ஓடும் என் சிநேகிதன் குகன்.

"இழுடா. அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

இழுத்தான். நான் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்கு ஊதியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் தோளை விட்டுவிட்டு எங்கள் முகங்களைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆர் இழுத்தது?"

"நான்தான் டொக்டர், சும்மா கொஞ்சம்…"

"நீர் என்ன வேலை?"

"ஓட்டோ ஓடுறனான்."

"அப்ப அதை றோட்டில ஓடும். மூட்டு விலகினா இழுக்கப்படாது, நரம்பு போயிடும். கையை இருந்தபடியே தாங்கிக் கட்டிக்கொண்டு வரவேணும்."

எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, மெதுவாகத் திருப்பினார். 'டொக்' என்றது. சொர்க்கம்! அடுத்த வசனத்தில் அது முடிந்தது.

"மூண்டு கிழமைக்குக் கை தூக்க ஏலாது."

"டொக்டர், ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டோணும்."

"கட்டும். கையைத் தூக்காமல் கட்டும்."

அம்மாவின் அர்ச்சனையை இங்கே எழுத ஏலாது. சகுனம் பிழை என்று பெண் வீட்டில் கலியாணத்தைத் தள்ளிப்போடப் பார்த்தார்களாம். "கைதானே, தலை இல்லையே" என்று மறித்தவள் மணப்பெண் தாரணி.

முகூர்த்தம். வலது கை கழுத்தில் தொங்கும் துணிக்குள். கெட்டிமேளம் முழங்க, இடது கையில் தாலிக்கொடியோடு அவள் பின்னால் நின்றேன். கொடியின் இரண்டு முனையையும் சேர்த்துத் திருகாணியைப் பூட்டவேண்டும். ஒரு கையால் எப்படி? முனைகள் சூடை மீன்போல வழுக்கின. மேளகாரருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, நேரம் போகுது" என்றார் ஐயர்.

தாரணி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "ஒரு முனையை என்னட்டைத் தாங்கோ. நான் பிடிக்கிறன், நீங்கள் திருகுங்கோ."

திருகினேன்.

"ஐயோ, அது கழட்டுற பக்கம்!"

மேளத்தையும் மீறி அது வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

இன்றைக்கும் வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் அவள் கடைசியாகச் சொல்வது இதுதான்: "பாதித் தாலி நான் கட்டினது. அப்ப பாதி முடிவு என்ரை."

நான் உடனே தலையாட்டிவிடுவேன். வீடியோவைப் போட்டுப் பார்த்தால், எனக்கு அந்தப் பாதியும் மிஞ்சாது.