தெருவிளக்குக்கு ஒரு நாள் லீவு

அன்பு மகள் பெனிஷாவுக்கு,

உன் அப்பா பீட்டர்ராஜ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் எங்கள் தெருவின் ஏழு விளக்குகளும் நன்றாக இருக்கிறோம். அங்கே ஆண்டிபட்டியில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மெர்லினும் அப்படியே இருப்பீர்கள். உன் கோபமும் குறைவில்லாமல் இருக்கும் என்று தெரியும். போனில் "ஒங்களுக்குப் பேத்தி முக்கியமா, லைட்டு முக்கியமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மெர்லினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள், ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை, சனிக்கிழமை மத்தியானமே நாங்கள் பஸ் ஏற வேண்டும், எல்லாம் எனக்கும் தெரியும் தாயி. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம் வீட்டு வாசல் போஸ்டில் இருக்கிற சுவிட்சைத் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? பதினோரு வருடத்துக்கு முன்பு, நான் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர்டு ஆகி வந்த வாரம், அந்தச் சுவிட்சை மாட்டிய ஆள், "சும்மாதான இருக்கீக, பொழுது சாஞ்சா இதத் தூக்கி விட்ருங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அரசாங்கம் கொடுத்த உத்தரவு அது ஒன்றுதான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியது கிடையாது. உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பாயசம் வருவதற்கு முன்பே பந்தியிலிருந்து எழுந்து ஓடி வந்தவன் நான். ஊரே வெளிச்சத்தில் நடக்கிறது, நான் ஒருவன்தான் கட்டிப்போட்ட மாடு மாதிரி கிடக்கிறேன்.

இதில் ஒரே ஒரு சவுகரியம், காலையில் எனக்கு வேலை இல்லை. அது பழைய சுவிட்ச், ஸ்பிரிங் தளர்ந்தது. விடிகிற நேரத்துக்குத் தானாகவே கீழே விழுந்துவிடும். ஏழு மணிக்கு நான் எழுந்து பார்த்தால் விளக்கெல்லாம் அணைந்திருக்கும். உன் அம்மாகூட, "அது எப்படிங்க தெனமும் சொல்லி வச்ச மாதிரி விழுது?" என்று கேட்டாள். எந்திர விஷயம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

உனக்காக நான் முயற்சி எடுக்கவில்லை என்று நினைக்காதே. ஒரே ஒரு நாள் லீவு கேட்டு மனு எழுதி, இரண்டு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற சுபாஸ்ரீ நல்ல பிள்ளை, எழுந்து நின்று வணக்கம் சொல்லும். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "அய்யா, நீங்க வேலையிலயே சேரலயே, ஒங்களுக்கு எப்படி லீவு குடுக்க?" என்றது. "அப்ப யாருகிட்டம்மா கேக்கணும்?" என்றேன். கரண்டு ஆபீசைக் காட்டியது. அங்கே போனால், "போஸ்டு எங்களது, பல்பு அவுகளது, சுவிட்சு யாருதுன்னு எங்களுக்கே தெரியல" என்கிறார்கள். ஆக, யாருடையது என்றே தெரியாத ஒரு சுவிட்சுக்கு நான் பதினோரு வருடமாக ஊழியம் பார்த்திருக்கிறேன்!

சரி, தெருவிலேயே ஆள் பிடிப்போம் என்று அடுத்த வீட்டுச் சுருளியாண்டியைப் பிடித்தேன். ஒரு நாள் சோதனைக்கு விட்டால், திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நேரமாகிவிடும் என்று மத்தியானம் இரண்டு மணிக்கே சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். உச்சி வெயிலில் ஏழு விளக்கும் எரிய, யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் 'மக்கள் வரிப்பணம் எரிகிறது' என்று போட, எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். அடுத்து எதிர்வீட்டு ஆண்டனி ராஜ். "கவலையே படாதீங்க மாமா, போன்ல அலாரம் வச்சுட்டேன்" என்றான். அலாரம் ஆறு மணிக்குச் சரியாக அடித்தது, அவன் வேலை பார்க்கிற பழனிசெட்டிபட்டியில். இங்கே இருட்டில் சுகிர்தம் டீச்சர் படுத்திருந்த நாய் மேல் கால் வைத்து, நாய் கத்தி, டீச்சர் அதைவிடக் கத்தி, ஒரே அமளி. கடைசி வீட்டு முருகம்மாளைக் கேட்கலாம் என்றால், விடிவதற்கு முன்பே திராட்சை வெட்டப் போய்விடுகிறவள். தெருவிளக்கைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

ஆகவே, கண்ணு, அப்பாவை மன்னித்துவிடு. அம்மாவை மட்டும் அனுப்புகிறேன். எனக்கும் ஆசைதான். வெள்ளை கவுனில் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி நீயே அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிடு. உங்கள் மூன்று பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வர முடியாத உன் அப்பா,
பீட்டர்ராஜ்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டு வருகிறேன். மனசு சரியில்லாமல் இன்று ஐந்தரைக்கே எழுந்து வாசலுக்கு வந்தேன். முருகம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குச்சியால் சுவிட்சைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏழு விளக்கும் அணைந்தன.

"என்னம்மா பண்ற?"

"அமத்துறேன்யா. தெனமும் நாந்தான அமத்துறேன்."

"எத்தனை நாளா?"

"நீங்க போட ஆரம்பிச்சதுல இருந்து. போட்ட கையி அமத்தாதுன்னு மொத வாரமே தெரிஞ்சு போச்சு."

"ஞாயித்துக்கெழம ஒனக்கு வேல கெடையாதே?"

"அன்னைக்கும் எந்திரிச்சு வந்து அமத்திட்டுப் போயிப் படுத்துக்கிருவேன்."

வெட்கமாக இருந்தது, பெனிஷா. இனிமேல் ஞாயிறு காலை என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு, இந்த ஞாயிறு மட்டும் லீவு வேண்டும், பேத்திக்குப் புதுநன்மை என்று கேட்டேன். "போயிட்டு வாங்கய்யா. சனிக்கெழம சாயந்தரமும் நானே போட்டுக்கிறேன். பிள்ளைய நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். எந்த ஆபீசில் லீவு கேட்பது என்று இத்தனை நாள் அலைந்தேனே, அது நம் தெருவின் கடைசி வீடுதான்.