லெட்சுமியோட கால்வலிக் கேஸ்

ஒங்க கால்வலிக்கு நீங்க எப்பவாச்சும் கேஸ் போட்டிருக்கீங்களா?

நமுனுகுல தேயிலத் தோட்டத்து லெட்சுமி போடக் கெளம்புனா. கொலஸ்ட்ரோல் மாத்திரை தின்ன நாள்லேர்ந்து ரெண்டு தொடையிலயும் கல்லக் கட்டிவுட்ட மாதிரி. மலை ஏற முடியல. கொழுந்து நெறை கொறையக் கொறைய கங்காணி அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான் போட்டாரு. "இப்படியே போனா வேலைய விட்டு நின்னுக்க"ன்னும் சொல்லிட்டாரு. டவுன் கிளினிக்குல சொன்னா, டொக்டர் தலைய நிமுத்தாமலே "வயசு"ன்னாரு.

கடுப்புல மாத்திரைய நிப்பாட்டுனா. அடுத்த சோதனையில கொழுப்பு ஏறி நின்னுச்சு. டொக்டர் ஏசிட்டு மாத்திரையக் கூட்டிட்டாரு.

புருஷன் வீரய்யா காலையில ஆளுக கூடுற பெரட்டுக்களத்துல வாய விட்டாரு.

"எம் பொஞ்சாதி கேஸ் போடப் போறா. வெளிநாட்டுல இதுக்கு நட்டஈடு குடுக்குறாங்களாம்."

தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் பயந்துபோய் அவளக் கண்டாலே கதவச் சாத்துனாரு. லோயரப் பாக்க பதுளை பஸ்ஸுல லயத்துச் சனமே ஏறிருச்சு. எல்லாருக்கும் திடீர்னு கால்வலி.

லோயர் இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். "ஆர் ஆர் அந்தக் குளிசை போடுறியள்?"

எல்லாக் கையும் ஒசந்துச்சு.

"என்ன நிறம்?"

"செவப்புங்க."

"பச்சைங்க."

"எனக்குத் தண்ணி மருந்துங்க"ன்னாரு வீரய்யா.

லோயர் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு லெட்சுமிய மட்டும் இருக்கச் சொன்னாரு.

"படி ஏறேக்கை தொடை நோகுமோ? விடிய எழும்பேக்கை?"

"ஆமாங்கய்யா. கூட இருந்து பாத்த மாதிரி கேக்குறீங்க."

"கேஸ் பிறகு. சோதிக்கச் சொல்லிக் கேக்கிறது உங்கட உரிமை. டொக்டர் கேக்காட்டி மேலிடத்துக்கு முறைப்பாடு. அதுக்கும் சரிவராட்டித்தான் கோட்டுக்குப் போறது. ஆனா குளிசையை உங்கட பாட்டிலை நிப்பாட்டக் கூடாது."

"நான் பேசுனா அவரு நிமுந்தே பாக்க மாட்டாருங்க. நீங்க கூட வாங்களேன்."

லோயர் மேசையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. "சரி, வாறன்."

அடுத்த நாள் காலையில லெட்சுமி கிளினிக் கதிரையில போய்க் குந்துனா.

"இது வயசு இல்லீங்க டொக்டர். சோதிச்சுச் சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

பின்னால கறுப்புக் கோட்டோட லோயர். டொக்டர் தலைய நிமுத்துனாரு. ரத்தம் எடுக்கச் சொன்னாரு. வேற மாத்திரை எழுதுனாரு. மலை ஏறாத வேலை குடுக்கச் சொல்லித் தோட்டத்துக்குத் துண்டுச் சீட்டும் குடுத்தாரு. லெட்சுமி ராணி மாதிரி எந்திரிச்சா.

நர்ஸம்மா கதிரையத் தொடச்சுவுட்டு லோயரைப் பாத்தாங்க.

"நீங்களும் உக்காருங்க சார். கால் வலிக்குதுன்னு இதே மாத்திரைய நிப்பாட்டிட்டு, டொக்டருக்குப் பயந்து இந்தப் பக்கமே வராம இருந்தீங்க."