கோஷ்டியின் கோப்பில் ஒரு மச்சி

தனி மனிதன் என்று ஒருவன் இந்த உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள், அடையாறில் என்னோடு வேலை பார்த்த கோஷ்டிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அறுபத்துநான்கு கணினிகள் ஒரே அறையில் அடுக்கடுக்காக நின்று கூட்டாகக் கணக்குப் போடும். அவற்றைக் கட்டி மேய்ப்பது கோஷ்டியின் வேலை. எங்கள் மேசைக் கணினிகள் உட்பட எது எந்தக் குழு என்று ஒரு நீளமான கோப்பில் எழுதி வைத்திருந்தார். கருப்புத் திரையில் 'கோஷ்டி' என்று தட்டி, பக்கத்தில் குழுவின் பெயரைத் தட்டினால், அந்தக் குழுவை மட்டும் கோப்பிலிருந்து பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். கட்டளையை எழுதியவரும் அவரே. பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

குழுக்களுக்கு வைத்த பெயர்கள்தான் வம்பு. தகவலையெல்லாம் பூட்டி வைத்திருப்பவை மாமியார். ராப்பகலாக உழைப்பவை மருமகள். வேலையே இல்லாமல் கரண்ட் குடிப்பவை மாப்பிள்ளை. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ, பி, சின்னு வெச்சா ஆகாதாய்யா?"

"ஏ-ன்னா இன்னா தெரியும் சார்? மாமியார்னு போட்டா எவனாவது கை வெப்பானா?"

எவனும் வைக்கவில்லை என்பது உண்மை.

ஒருமுறை ரங்கநாதன் தெருக் கடைக் கூட்டத்தில் கோஷ்டி தன் மனைவியைத் தொலைத்துவிட்டார். பதறவே இல்லை. கூட்டத்தைத் துணிக் கோஷ்டி, பாத்திரக் கோஷ்டி, சும்மா வேடிக்கை பார்க்கும் கோஷ்டி என்று பிரித்து, மூன்றாவதில் முக்கால் மணி நேரம் தேடினார். அந்த அம்மாள் இரண்டாவதில், இட்லிக் குண்டானோடு கொதித்துக்கொண்டு நின்றார். "கோப்புல தப்பு கீது மச்சி" என்று மறுநாள் என்னிடம் ஒப்புக்கொண்டார். மச்சி என்றதும் நான் பூரித்துவிடவில்லை. டீக்கடைக்காரர், வாட்ச்மேன், பஸ் கண்டக்டர் எல்லோருமே அவருக்கு மச்சிதான்.

கோஷ்டி விடுப்பில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கணினி அறையின் ஏசி நின்றது. மருமகள் கணினிகளில் எங்கள் கூடத்து ஆராய்ச்சியாளர் நஸ்ரீனின் கணக்கு மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. அடையாற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. சில கணினிகளை உடனே அணைக்காவிட்டால், சூடு ஏறி அத்தனையும் தானாகவே நின்றுவிடும்.

போன் போட்டேன். "கோஷ்டி, ஏசி போச்சுப்பா! எதை நிறுத்தட்டும்?"

அவர் மாம்பலம் ஸ்டேஷனில் இருந்தார். "மச்சி..." என்றார். ரயில் ஒன்று தடதடவென்று குறுக்கே போனது. "...நிறுத்து, சீக்கிரம்!" போன் அறுந்தது.

கோப்பில் மச்சி என்றும் ஒரு குழு உண்டு. பெயரைப் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன என்று பார்த்ததில்லை.

"மச்சியை நிறுத்தச் சொல்றார்" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்களா?" நஸ்ரீனின் முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு காதாலயும் கேட்டேன்."

'கோஷ்டி மச்சி' என்று தட்டி, அணைக்கும் கட்டளையையும் சேர்த்து அமுக்கினேன். என் முன்னாலிருந்த திரை பொசுக்கென்று இருண்டது. நஸ்ரீன் "போச்சு, மூணு வாரம் போச்சு" என்று கணினி அறைக்குள் ஓடி, அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஓடுதுங்க! என்னோடது எல்லாமே ஓடுது!"

மறுபடி போன் அடித்தது. "இன்னா மச்சி, மாப்ளய நிறுத்தினியா?"

ரயில் விழுங்கியது அந்த மாப்பிள்ளையைத்தான். நஸ்ரீனின் மேசையில் உட்கார்ந்து மாப்பிள்ளைகளை வரிசையாக அணைத்தேன். சூடு இறங்கியது. கணக்கு திங்கட்கிழமை சொன்னபடி போய்ச் சேர்ந்தது.

"அப்போ மச்சியில என்னதான் இருந்தது?" என்று நஸ்ரீன் கட்டளையைத் தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது: என் மேசைக் கணினி.

ஊரையே மச்சி என்று கூப்பிட்டவர், எழுதும்போது ஒருத்தனைத்தான் எழுதியிருந்தார்.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். அந்த மேசைக் கணினியும் கழிவுக்குப் போய்விட்டது. கோஷ்டி மட்டும் அந்த வரியை எடுக்கவில்லையாம். மாதாமாதம் எல்லாக் கணினிகளையும் சோதிக்கும்போது, 'மச்சியிடமிருந்து பதில் இல்லை' என்று திரையில் வரும். உடனே எனக்கு போன் வரும்.

"இன்னா மச்சி, நல்லா கீறியா?"