பதினெட்டுத் தொட்டியும் ஒரு மூட்டைக் கரியும்

பதினெட்டுத் தொட்டிகளில் பதினைந்து மஞ்சளாகிவிட்டன. மீதி மூன்றில் செடியே இல்லை.

மெஹபூப் அலி மொட்டை மாடியில் நின்று தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்திலிருந்து பத்து விவசாயிகள் வருகிறார்கள், இந்தத் தொட்டிகளைப் பார்க்க. இன்று வியாழன்.

தி. நகரில் ஒரு வேளாண் அமைப்பில் அவர் மொழிபெயர்ப்பாளர். பயிர்க்கழிவைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி வயலில் கலந்தால், அது புகையாக வானத்துக்குப் போகாமல் நூறு வருஷத்துக்கு மேல் மண்ணிலேயே கிடக்கும். உரம் போட்ட நிலத்திலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் வாயுவும் குறையும். இதைத் தமிழில் எழுதி எழுதி, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. "மயிலாப்பூர்ல எங்க மாடியிலயே செஞ்சு காட்டறேன்" என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டார். ஆபீஸிலிருந்து கரி மூட்டை வந்து கீழே வாட்ச்மேன் ரூமில் இறங்கியது. மூன்று வாரத்துக்கு முன் அங்கிருந்து தூக்கிவந்து தொட்டிகளில் கொட்டினார்.

தொட்டிகள் அவருடையவை அல்ல. அதே அபார்ட்மெண்டில் எதிர்வீட்டு மதுவந்தியுடையவை.

"அலி சார், என் கத்திரிச் செடிக்கு என்ன ஆச்சு? நன்னாத்தானே இருந்தது?"

"கரி வேலை செய்யுது மேடம். முதல்ல கொஞ்சம் மஞ்சளாகும்."

"அப்புறம்?"

"அப்புறம் பச்சையாகும்."

போட்டது போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு கை கரி போட்டார். மறுநாள் காலை இலைகள் உதிர்ந்தன.

வேறு வழியில்லாமல், விவசாயிகளுக்காக எழுதிய தன் கையேட்டைத் தானே எடுத்துப் படித்தார். நான்காம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'கரியை அப்படியே இடக்கூடாது. மண்ணின் சத்தை அது உறிஞ்சிவிடும். பதினைந்து நாள் கோமியத்தில் ஊறவைத்த பிறகே இட வேண்டும்.'

அழகான தமிழ். அவர் எழுதியதுதான்.

"ஏங்க, எழுதும்போது படிக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி வஜீஹா.

கோயில் குளத்துக்குப் பின் தெருவில் ஒரு மாட்டுக்கொட்டகை உண்டு. இரண்டு கேன் கோமியம் வாங்கி ஆட்டோவில் வந்தார். பாதி வழியில் டிரைவர் மாஸ்க் போட்டுக்கொண்டார். பதினைந்து நாளில் ஊற வேண்டியதை இரண்டு நாளில் ஊறவைக்கும் அவசரத்தில், அத்தனையையும் தொட்டிகளில் ஊற்றினார். தொட்டிகள் வாங்கிக்கொள்ளவில்லை. கறுப்பாக வழிந்து, தரையில் பரவி, கொடியிலிருந்து தரைவரை தொங்கிய மதுவந்தியின் பட்டுப்புடவையை நனைத்தது.

அதை மறைக்க ஹோஸ் பைப் போட்டு மாடியையே கழுவிவிட்டார். தண்ணீர் மழைநீர்க் குழாயில் இறங்கியது. மழைநீர்க் குழாய் கீழே, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஏறும் சம்ப்பில் இறங்கியது. சாயங்காலம் பன்னிரண்டு வீட்டுக் குழாயிலும் கறுப்பாக, கொட்டகை வாசனையோடு தண்ணீர் வந்தது.

அதற்கப்புறம் அவர் லிஃப்டில் ஏறவில்லை. படியிலும் யாராவது வந்தால் செருப்பைக் கழற்றித் தட்டுவதுபோல் குனிந்துகொண்டார். மதுவந்தி புடவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில், தெருக்குழாயில் பிடித்த ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை நர்சரிக்குப் போய்ப் பச்சைப்பசேலென்று ஆறு தக்காளிச் செடி வாங்கிவந்து முன்வரிசையில் வைத்தார்.

"இது தப்புங்க" என்றாள் வஜீஹா.

"ஒரு மணி நேரத்துக்குத்தான்."

ஞாயிறு காலை விவசாயிகள் வந்தார்கள். மெஹபூப் அலி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பேச ஆரம்பித்தார். மதுவந்தியும் மற்ற வீட்டுக்காரர்களும் மாடிக்கு வந்து ஓரமாக நின்றார்கள். விவசாயிகளில் மூத்தவளான மணிமொழி பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு தக்காளித் தொட்டியில் விரலை விட்டுக் கிளறினாள்.

"இன்னாங்க, இதுல வெறும் தென்னநார்தான் கீது. கரி எங்க?"

மெஹபூப் அலிக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

"இது நர்சரிச் செடிம்மா. நேத்து வாங்கினது. நான் கரி போட்டது அதோ, பின்னாடி மஞ்சளா நிக்குதே, அது. அதுவும் என் செடி இல்ல, மதுவந்தி மேடத்தோடது. ஊறவைக்காம போட்டேன். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை நானே படிக்கல. புடவையைக் கெடுத்தேன், பன்னிரண்டு வீட்டுத் தண்ணியைக் கெடுத்தேன். மன்னிச்சிடுங்க எல்லாரும். ஆனா கரி மேல தப்பு இல்ல, தப்பு என் மேலதான். எவ்வளவு மோசமாப் போட்டிருந்தாலும் அந்தக் கரி இனிமே புகையா மேல போகாது. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

மணிமொழி ஒரு மஞ்சள் செடியின் அடிமண்ணைத் தள்ளிப் பார்த்தாள்.

"வேர் சாவல. எருத்தண்ணி காட்டுனா தேறிக்கும். ஒத்துக்கினீங்களே, அது போதும் சார்" என்றாள்.

மதுவந்தியும் மெல்லத் தலையசைத்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக மெஹபூப் அலி நிமிர்ந்து நின்றார்.

படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் வேலு, தோளில் தேய்த்த துணிக் கட்டோடு நின்றிருந்தார்.

"சார் இவ்ளோ பேர் முன்னாடி ஒத்துக்கினாரு, நானும் சொல்லிட்றேன். வாட்ச்மேன் ரூம்லேந்து நீங்க தூக்கிக்கினு போனது நான் அங்க வெச்சிருந்த அடுப்புக்கரி மூட்டை சார்; கேக்கக் கூச்சப்பட்டுக்கினு, உங்க ஆபீஸ் பேரு போட்ட மூட்டையத்தான் மூணு வாரமா என் இஸ்திரிப் பெட்டில போட்டு எரிச்சிக்கினு கீறேன், இப்ப நீங்க போட்டுக்கினு கீற சட்டைகூட அதுல தேச்சதுதான்."