எதிர் ஜன்னலில் ஒரு வேவுகாரர்

உலகத்தில் கழுத்துவலி என்று ஒரு நோயே கிடையாது. நஷ்டஈட்டு வழக்குகள் மட்டுமே உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி. கண்டுபிடித்ததோடு நிற்காமல், முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து தெருவுக்கே அறிவித்தும் இருந்தார். விபத்தில் அடிபட்டுக் கழுத்துப் பட்டையோடு வருகிறவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்போடு திரும்புவதை அவர் நடித்துக் காட்டும்போது பாதி ஷேவிங்கில் இருப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

போன மாதம், சிக்னலில் நின்றிருந்த அவருடைய ஸ்கூட்டரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. கழுத்து நரம்பு பிசகியது. வேனுக்கு இன்சூரன்ஸ் வேறொரு கம்பெனியில். நஷ்டஈடு வந்தால்தான் வைத்தியம் தொடரும். வலி போனால்தான் வண்டி ஓட்டலாம். வண்டி ஓடினால்தான் வேலை.

வலி நிஜம். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே நம்பும்படியாக இல்லை. இப்படி ஒரு முகத்தோடு யாராவது வந்திருந்தால் அன்றைக்கே கேஸை மூடியிருப்பார். ஆகவே ஒரு கழுத்துப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

மறுநாள்தான் எதிர்வீட்டு ஜன்னலைக் கவனித்தார். புதிதாகக் குடிவந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, விரித்த செய்தித்தாளுக்கு மேலாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்பெனி ஆள் வெச்சிருக்கு," என்றார் மனைவியிடம். "பக்கத்தைத் திருப்பவே மாட்டேங்கறான் பாரு. நானும் இப்படித்தான் உக்காருவேன்."

"அப்ப ஜன்னலைச் சாத்துங்க."

"சாத்தினா எதையோ மறைக்கிறோம்னு அர்த்தம். நானே எத்தனை பேரை அப்படி எழுதியிருக்கேன்."

ஜன்னல் திறந்தே கிடந்தது. கழுத்தைத் தினமும் மெல்ல இடமும் வலமும் திருப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். எதிரே ஆளை வைத்துக்கொண்டு எப்படித் திருப்புவது? திருப்பவில்லை. கழுத்து இறுகியது, வலி இரட்டிப்பானது. இரட்டித்த வலியும் பார்வைக்குப் போதாது என்று பட்டதால் கொஞ்சம் முனகலைச் சேர்த்தார். முனகல் தெருவைத் தாண்டுமா என்று சந்தேகம் வந்து, சத்தத்தைக் கூட்டினார். மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

சிலிண்டரையும் அவள்தான் தூக்கினாள். "உங்க கழுத்து சரியாகறதுக்குள்ள என் இடுப்பு போயிடும். நான் யார் மேல கேஸ் போடறது?"

ஒரு சாயங்காலம் பொறுமை தீர்ந்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு அம்மாள் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்," என்றார்.

உடனே உள்ளேயிருந்து ஒரு முனகல் எழுந்தது. தொழில் தெரிந்தவர் என்ற முறையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது: அவருடையதைவிட நல்ல முனகல். தன்னைத்தான் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, படியிறங்கினார்.

"சார்," என்று அந்த அம்மாள் கூப்பிட்டாள்.

அவர் உடம்போடு திரும்பினார்.

"நீங்க இன்சூரன்ஸ் ஆளுன்னு முடிவெட்டற கடையிலயே சொல்லிட்டாங்க. லாரி இடிச்ச கால் சார் அது; டாக்டர் தினம் நடக்கச் சொல்றாரு. நீங்க ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கீங்கன்னு, மனுஷன் நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே பயப்படறாரு. எழுத வேண்டியதை எழுதிக்கிட்டு, தயவுசெஞ்சு அந்தக் கழுத்துப் பட்டை வேஷத்தைக் கழட்டிடுங்க."