விரலண்ணன் அளந்த காடு

கண்டிச் சீமையிலேயே விரலண்ணனைப் போல வெட்கப்பட்ட ஆம்பிளை கிடையாது. பெண்களைப் பார்த்து அல்ல. மலையைப் பார்த்து.

பன்வில பக்கம் எங்கள் தோட்டம். எதிரே ஒரு மலை. உச்சியில் குடுமி மாதிரி காடு, கீழெல்லாம் கோப்பிச் செடி. அந்த மலையைத் தாண்டும்போது மழைக்குப் போர்த்துகிற கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். கோபித்துக்கொண்ட மாமனார் வீட்டைத் தாண்டுகிற மருமகன் மாதிரி ஓரமாகப் போவார். பாதையோரத் தண்ணீர்க் கானிலும் விழுந்திருக்கிறார்.

காரணம், அந்த மலையைச் சாய்த்தவரே அவர்தான். அப்போது ஒவ்வொரு மரமாக வெட்டுவதில்லை. சரிவு முழுக்கப் பாதி வெட்டி நிறுத்துவோம். மேலே ஒரு பெரிய மரத்தை மட்டும் முழுசாக வெட்டினால், அது அடுத்ததைத் தள்ளி, அது அடுத்ததைத் தள்ளி, மலையே படுத்துவிடும். எந்த மரம், எந்தப் பக்கம் என்பது விரலண்ணனுக்குத்தான் தெரியும். இந்த மலை படுத்த சத்தத்துக்குப் பிறகு அவர் கோடாலியைத் தொடவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் ஒரு பாறையில் ஏறுவார். எப்போதும் அதே பாறை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, குடுமிக் காட்டின் மேல் விரல்களை வைத்து அளப்பார். விறகுக்கும், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கும் என்று காடு ஓரம் ஓரமாகக் குறைந்துகொண்டு வந்தது.

"மொத நாலு வெரலு. இப்ப ரெண்டுதான்."

"காடு கொறையலண்ணே. ஒங்க வெரலு வீங்கிருச்சு!" என்று நாங்கள் சிரிப்போம்.

ஒரு வருசம் விரல் அளவுக்கு நூலில் ஒரு மோதிரம் முடிந்து வைத்தவர், அடுத்த பொங்கலுக்கு அதை எடுத்தார். போட்டுக் காட்டினார்.

"இந்தா பாரு, அதே மாதிரி ஏறுது. காடுதான் மெலிஞ்சிருச்சு."

அந்த வருசமே, மிச்ச ரெண்டு விரலையும் சாய்க்கச் சொன்னார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. எங்கள் லயத்துத் தண்ணீர் அந்தக் காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. எல்லாரும் பாதி பாதி வெட்டினோம். மேல் மரத்துக்குக் கங்காணி விரலண்ணனைக் கூப்பிட்டார்.

"வெட்டுய்யா, தொர பாக்குறாரு!"

"மலையும் பாக்குதுங்க" என்று கம்பளியை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கங்காணி தானே கோடாலியை வாங்கினார். துரை காதைப் பொத்திக்கொண்டார். ஒற்றை மரம் பக்கவாட்டில் கோப்பிக்குள் விழுந்தது. வேறொன்றும் அசையவில்லை. துரை இன்னும் காதைப் பொத்திக்கொண்டே நின்றார்.

இறங்கும்போது மழை இல்லை. ஆனாலும் எல்லாரும் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டோம். கங்காணியும்தான்.

எந்த மரம் எப்போது சாயுமோ, பாதி வெட்டின காட்டுக்குள் யார் போவார்கள்? அதற்குள் கோப்பி இலையில் மஞ்சள் புள்ளி நோய் விழுந்தது. தோட்டம் செத்தது. துரை கப்பலேறினார். வெட்டுக்காயத்தைப் பட்டை மூடியது. கோப்பிக்குள் காட்டுக்கன்று முளைத்தது.

பல பொங்கல் போன பிறகு ஒரு நாள், பாறையில் நின்று "மூணு" என்றார். அவருக்கே நம்பிக்கையில்லை. மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார். கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். பிறகு கம்பளியைத் தோளில் இறக்கிவிட்டு மலையை நேராகப் பார்த்தார்.

"என்னண்ணே, வெக்கம் போயிருச்சா?"

"கொஞ்சூண்டு. ஒரு வெரலளவு."

இப்போது அவர் இல்லை. நான்தான் பாறை ஏறுகிறேன். என் விரல் தடிமன், நூல் மோதிரம் ஏறவில்லை. அவர் இருந்திருந்தால் கணக்குத் தப்பு என்று ஏசுவார். அந்த ஏச்சுக் கேட்காதா என்றுதான் போகிறேன்.